வீட்டுச் சமையலுக்கு மாறியும் எடை கூடியது ஏன்?

உணவியல் ஆலோசனை: வாசகர் கேள்வியும் பதிலும்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 42 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்:

நான்கு மாதங்களுக்கு முன் செய்த இரத்தப் பரிசோதனையில் அவருடைய எச்பிஏ1சி, அதாவது சராசரி இரத்தச் சர்க்கரை அளவு, 6.0 சதவீதம். நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் அதற்கு முந்தைய படியில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். இரத்த அழுத்தமும் கூடியிருந்ததால் தினம் ஒரு மாத்திரை தொடங்கப்பட்டது. எடை 82 கிலோ. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 11 வயதில் ஒரு மகள். அதுவரை வாரத்தில் நான்கைந்து இரவுகள் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அதை நிறுத்தி, சமையல் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார்.

செக்கில் ஆட்டிய எண்ணெய், சர்க்கரைக்குப் பதில் தேன், சாதா உப்புக்குப் பதில் இளஞ்சிவப்புக் கல்லுப்பு, வெள்ளை அரிசிக்குப் பதில் முழுதானியங்கள் என எல்லாவற்றையும் மாற்றினார். ஏர் ஃப்ரையரும் ஸ்லோ குக்கரும் வாங்கினார். இறைச்சியை நிறுத்தினார். தினமும் காலையில் வீட்டிலேயே பிழிந்த பழச்சாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரத்துக்கான சாப்பாட்டைச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறார். மற்றவர்கள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடுவார்கள் என்பதால் யாரையும் அடுப்பருகே விடுவதில்லை.

இப்போது மறுபரிசோதனையில் எச்பிஏ1சி 6.1. எடை 84 கிலோ. போன வாரம் ஃப்ரிட்ஜ் நிறைய இவர் சமைத்தது இருக்க, இவர் வருவதற்குள் மனைவியும் மகளும் வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். "யாருக்காக இவ்வளவு பாடு?" என்று கேட்கிறார். கூடவே சில கேள்விகள்: ஒரு வாரச் சாப்பாட்டை வைத்து உண்பது சரியா? மைக்ரோவேவில் சூடாக்கினால் சத்து போய்விடுமா? சாப்பாடுதான் மாறிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா? நண்பர் ஒருவர் சொன்ன சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா? சமையலையே விட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாடு செய்து தருபவர்களிடம் வாங்கிவிடலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, கடைசியில் இணைத்திருந்த மாத மளிகைப் பட்டியல்தான். என்ன சாப்பிடுகிறோம் என்று பலரும் எழுதுவார்கள். என்ன வாங்குகிறோம் என்று எழுதுகிறவர்கள் குறைவு. சாப்பிட்டதை நினைவிலிருந்து எழுதும்போது கை தானாகவே கொஞ்சம் குறைத்து எழுதும். வாங்கியதற்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

பட்டியலுக்குப் போகுமுன் பரிசோதனை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவைக் காட்டுவது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று கொள்வது வழக்கம். 6.0 என்பது 6.1 ஆனதை "மோசமாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒரே இரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் இந்த அளவு வித்தியாசம் வரலாம். நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். நான் கவனிக்கச் சொல்வது ஏறிய 2 கிலோவை. இந்த நிலையில் இருப்பவருக்கு எடை எந்தப் பக்கம் போகிறது என்பது மிக முக்கியம்.

மளிகைப் பட்டியல் காட்டுவது

மூன்று பேருக்கு மாதம் 4 லிட்டர் எண்ணெய் என்று குறித்திருக்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 44 மில்லி, ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி. எண்ணெயிலிருந்து மட்டும் சுமார் 360 கலோரி. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எல்லாக் கொழுப்பும் சேர்த்து 66 கிராம் அளவில் நிற்பது நல்லது என்றால், அதில் 40 கிராமை எண்ணெயே எடுத்துக்கொள்கிறது. மீதியில் பால், முட்டை, கடலை வகைகள் எல்லாம் அடங்க வேண்டும். செக்கில் ஆட்டியதா, ஆலையில் சுத்திகரித்ததா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். நல்ல எண்ணெய் என்ற நம்பிக்கையில் கை கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது. அடுப்பருகே யாரையும் விடாததற்கு நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்துவிட்டு இந்த 4 லிட்டருக்கு வந்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

உப்பு மாதம் ஒரு கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 11 கிராம். வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். உலக மக்களின் சராசரியும் கிட்டத்தட்ட 11 கிராம்தான் என்பதால் நீங்கள் ஊர் உலகத்துக்கு மாறாக எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் ஊர் உலகம் முழுவதும் இரத்த அழுத்தம் கூடிக்கிடக்கிறது. கல்லுப்பு இளஞ்சிவப்பாக இருப்பதால் சோடியம் குறைந்துவிடாது. அதிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. நிறம் தரும் தாதுக்கள் உடலுக்குப் பயன்படும் அளவில் இல்லை. சாதா உப்பில் சேர்க்கப்படும் அயோடின் இதில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. வளரும் பெண் குழந்தை இருக்கும் வீட்டில் அது சிறிய விஷயம் அல்ல. அயோடின் சேர்த்த உப்புக்கே திரும்பிவிடுங்கள், அளவைக் குறையுங்கள்.

அடுத்து பழச்சாறும் தேனும். உங்கள் எண்கள் அசையாததற்கு முதல் சந்தேகம் எனக்கு இதன்மீதுதான். 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதில் நீங்கள் கலக்கும் ஒரு மேசைக்கரண்டி தேனில் இன்னும் 17 கிராம். பல் துலக்கிய கையோடு 40 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக, முடிந்தால் 5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2,000 கலோரிக்கு அது முறையே 50, 25 கிராம். இந்தக் கணக்கில் தேனும் பிழிந்த பழச்சாறும் சேரும், முழுப் பழம் சேராது. பழத்தைக் கடித்துத் தின்னும்போது நார் கூடவே வருகிறது, நேரம் பிடிக்கிறது, ஒன்றிரண்டில் வயிறு போதும் என்கிறது. மூன்று நான்கு ஆரஞ்சுகளை ஒரே மூச்சில் உரித்துத் தின்பவர் அரிது. அவற்றின் சாற்றைக் குடிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சாறு பிழியும் கருவியை மேல் தட்டில் ஏற்றிவிட்டுப் பழத்தைத் தட்டில் வையுங்கள்.

முழுதானியத்துக்கு மாறியது நல்ல முடிவு. நார்ச்சத்து கூடும், பசி தாங்கும். ஆனால் "முழுதானியம் என்பதால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீட்டினாலும் தீட்டாவிட்டாலும் தானியம் தானியமே. சமைக்காத 100 கிராமில் பெரும்பாலும் 60 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். தட்டில் பாதி காய், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரதம் என்ற பழைய பங்கீடு உங்களுக்குப் போதும். அந்தக் கால் பங்கில் வெள்ளை அரிசி இருக்கும் நாட்களில் ஆகாயம் இடிந்து விழுந்துவிடாது.

ஏர் ஃப்ரையரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணெய் குறையும்; உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகவே இருக்கும்.

அப்படியானால் வீட்டில் சமைத்து என்ன பயன்?

பயன் உண்டு. ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. வீட்டு அடுப்பில் வெந்தது என்பதற்காக ஓர் உணவு நல்லதாகிவிடாது. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு காய் என்பதை முடிவுசெய்யும் உரிமை உங்கள் கைக்கு வருகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றினால், வெளியில் சாப்பிட்டதற்கும் இதற்கும் உடல் பெரிய வேற்றுமை பார்க்காது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைக்கப்பட்ட இரண்டு வகை உணவிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் கூடியவரை ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம் என்றார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு இறங்கியது. ஆகவே பொட்டலத்திலிருந்து பருப்புக்கும் காய்க்கும் நீங்கள் மாறியது சரியான திசைதான். வழியில் பழச்சாறும் தேனும் எண்ணெயும் ஏறிக்கொண்டன. அவற்றை இறக்கிவிட்டால் இதே சமையல் உங்களுக்கு வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

இதில் எனக்குக் கவலை உண்டு. ஞாயிறு சமைத்ததைச் சனிக்கிழமை சாப்பிடுகிறீர்கள். 5 டிகிரிக்குக் கீழே உள்ள ஃப்ரிட்ஜிலும் சமைத்த உணவுக்கு மூன்று, நான்கு நாட்கள்தான் கணக்கு. வியாழன் முதல் சனி வரைக்கானதைச் சமைத்த அன்றே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, மதியம் சமைத்த பெரிய பாத்திரத்தை "சூடு ஆறட்டும்" என்று இரவு வரை மேடையில் விடுவதாக எழுதியிருப்பது. சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று பலரும் நம்புகிறார்கள். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் பெருகத் தோதானது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. அகலமான, ஆழமில்லாத நான்கைந்து டப்பாக்களில் பிரித்துவிட்டால் சீக்கிரம் ஆறும். ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடலாம்.

சோற்றுக்குத் தனி எச்சரிக்கை. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் "நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பது சோற்றில் செல்லாது. ஒரு மணி நேரத்துக்குள் குளிரவையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சோறு வேக 20 நிமிடம் போதும். அதை ஒரு வாரத்துக்குச் சேமித்து என்ன லாபம்?

ஸ்லோ குக்கர் வைத்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரக வடிவில் இருக்கும் சிவப்பு பீன்ஸ் பயறைப் பச்சையாக அதில் போட்டு வேகவைக்காதீர்கள். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அந்தக் கருவியின் மிதமான சூட்டில் அது அழியாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகு எதில் வேண்டுமானாலும் போடலாம். பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மைக்ரோவேவ் சத்தைக் கொல்வதில்லை. வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை தண்ணீரில் கரைந்தும் நீண்ட நேரச் சூட்டிலும் போகின்றன. நிறைய நீரில் காயை வேகவைத்து நீரை வடித்துவிடுவதில்தான் இழப்பு அதிகம். கொஞ்சம் நீரில் சீக்கிரம் வேகும் மைக்ரோவேவில் குறைவு. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறி, உள்வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஃப்ரீசரில் விற்கும் உறைந்த காய்களையும் தயங்காமல் வாங்கலாம். ஐந்து நாள் வாடிய காயைவிட அவை மேல்.

மாத்திரையும் மாற்று உப்பும்

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலில் இதை மட்டும் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை" என்கிறீர்கள். கூடிய இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது, அதனால்தான் அது ஆபத்து. உப்பும் எடையும் உண்மையாகவே குறைந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வாய்ப்பு உண்டு. அதை முடிவுசெய்ய மருத்துவருக்கு எண்கள் வேண்டும். இரண்டு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து தேதியுடன் எழுதிக்கொண்டு போங்கள். "குறைக்க முடியுமா, எந்த அளவு வந்தால் குறைப்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

நண்பர் சொன்ன உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். அது வெற்று விளம்பரம் அல்ல. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், அவ்வகை உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அது இதயத்துக்கே ஆபத்தாக முடியலாம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில அந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் மாத்திரையின் பெயரைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தாலும் சிறுநீரகப் பரிசோதனை பார்க்காமல் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அதில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் மூவருக்கும் ஒரே பாத்திரத்தில் சமையல் என்பதை மறக்க வேண்டாம்.

உப்பைக் குறைப்பதற்கு அவசரம் கூடாது. ஒரே நாளில் பாதியாக்கினால் சாப்பிட முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய உப்பு கரிக்கும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, வறுத்த சீரகம் இவை கைகொடுக்கும். சமைக்கும்போது பாதி, இறக்கும்போது மீதி என்று போட்டால் குறைந்த உப்பே நாவில் தெரியும். பொட்டலங்களில் சோடியம் என்று அச்சிட்டிருப்பதை உப்பு என்று படித்துவிடாதீர்கள். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு.

சாப்பாட்டு மேசையின் மற்ற இருவர்

நீங்கள் எழுதியதில் "நான்" நிறைய இருக்கிறது. அரிசியை நிறுத்தினேன், இறைச்சியை நிறுத்தினேன், எல்லாவற்றையும் மாற்றினேன். பரிசோதனை முடிவு உங்களுடையது. சாப்பாட்டு மேசை மூவருடையது. அவர்கள் வெளியிலிருந்து வரவழைத்த அந்த இரவை நன்றிகெட்ட செயலாகப் பார்க்கிறீர்கள். நான் அதை அவர்கள் சொல்லத் தயங்கிய பதிலாகப் பார்க்கிறேன். நான்கு மாதமாக எதைச் சாப்பிட விருப்பம் என்று அவர்களிடம் யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

உங்கள் மகளுக்கு நீரிழிவு அபாயம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் வளர்கிற வயதில் இருக்கிறாள். இரும்பு, கால்சியம், புரதம் எல்லாம் கூடுதலாகத் தேவைப்படும் காலம். உங்கள் கலோரிக் கணக்கு அவளுக்குப் பொருந்தாது. "இது கெட்ட சாப்பாடு", "இதைச் சாப்பிட்டால் குண்டாகிவிடுவாய்" போன்ற பேச்சுகளை வீட்டில் நிறுத்திவிடுங்கள். அந்த வயதுப் பெண்ணிடம் அவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் அறையில் நிறையப் பார்க்கிறேன். புதுக் காய் ஒன்றை ஏற்கப் பிள்ளைகளுக்குப் பத்து முறைக்கு மேல்கூட ஆகலாம். தட்டில் கொஞ்சம் வையுங்கள். சாப்பிட்டாளா என்று பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். காய் நறுக்கவும் முட்டை கலக்கவும் அவளைக் கூப்பிடுங்கள். தான் கை வைத்ததைப் பிள்ளைகள் ஒருவாயாவது சாப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மனைவியிடம் வாரத்தில் இரண்டு இரவுகளை ஒப்படையுங்கள். என்ன சமையல் என்பது அவர் முடிவு. அதில் இறைச்சி இருக்கலாம். தோல் நீக்கிய கோழியோ மீனோ உங்களுக்கும் நல்லதே. அவர் ஊற்றும் எண்ணெயை எட்டிப் பார்க்காதீர்கள். அளவு குறித்த ஒரு சிறு பாட்டில் மேடையில் இருந்தால் உங்கள் இருவருக்கும் அதுவே போதிய கண்காணிப்பு.

தொடர்வதா, விடுவதா?

முற்றிலும் வெளியில் வாங்குவதற்குத் திரும்பினால் நேரம் மிச்சம். உப்பும் எண்ணெயும் மறுபடி உங்கள் கையை விட்டுப் போய்விடும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் உங்களுக்கு அது சரிப்படாது. வீட்டுச் சாப்பாடு செய்து தருபவரிடம் வாங்குவது நடுவழி. கேட்டுக்கொண்டால் உப்பையும் எண்ணெயையும் குறைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். "வீட்டுச் சாப்பாடு" என்ற பெயரை நம்பி விட்டுவிடாமல், என்ன அளவு போடுகிறீர்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். வேலை நெருக்கும் வாரங்களில் அதில் தவறே இல்லை.

நான் விரும்புவது, நீங்கள் சமையலைத் தொடர வேண்டும், ஆனால் இப்போது செய்வதில் பாதியாக. ஞாயிறு முழுவதும் அடுப்படியில் நின்று, பிறகு அதில் பாதியைக் குப்பையில் கொட்டுகிறீர்கள். சமையல் குறிப்புக் காணொளிகளைப் பார்த்து 15 பொருட்கள் போட்டுச் செய்கிறீர்கள். அவற்றைச் செய்து காட்டுகிறவருக்கு அதுவே தொழில். நீங்கள் வேலையிலிருந்து களைத்து வருகிறவர். ஏழு மணிக்கு மேல் நம்மை வீழ்த்துவது சமைக்கும் வேலையைவிட "இன்றைக்கு என்ன செய்வது" என்ற கேள்வி. அந்தக் கேள்வியை இல்லாமல் செய்துவிட்டால் பாதிச் சுமை போய்விடும்.

அரை மணி நேரத்தில் முடியும் ஐந்து இரவுச் சாப்பாடுகளை மூவரும் உட்கார்ந்து முடிவுசெய்து, கிழமைக்கு ஒன்றாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஒருநாள் அரிசி, பருப்பு, மூன்று வகைக் காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில். ஒருநாள் முட்டையும் வதக்கிய காயும் ரொட்டியும். ஒருநாள் முன்பே வேகவைத்த பயறைத் தக்காளி வெங்காயத்தில் கொதிக்கவைத்தது. மற்ற இரண்டை உங்கள் மனைவியின் விருப்பத்துக்கு விடுங்கள். அதே திங்கள், அதே சாப்பாடு. சலிக்கும், சலிக்கட்டும். எந்த வீட்டிலும் நிலைத்து நிற்கும் சமையல் கொஞ்சம் சலிப்பூட்டுவதாகவே இருக்கிறது. ஆறாம் நாள் மிச்சம் மீதி, ஏழாம் நாள் வெளிச் சாப்பாடு. அந்த ஏழாம் நாளைத் திருட்டுத்தனமாக்காமல் பகிரங்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புப் பானத்தை மட்டும் தவிர்த்து, வீட்டில் நறுக்கிய காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முழுச் சாப்பாடு சமைக்காதீர்கள், பகுதிகளாகத் தயார்செய்யுங்கள்: ஒரு பெரிய குக்கர் பயறு வேகவைத்துச் சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில், வெங்காயம் தக்காளி வதக்கல் ஒரு டப்பா, மூன்று நாளுக்கான காய் கழுவி நறுக்கியது. இவற்றை வைத்துக்கொண்டு எந்த இரவையும் ஒப்பேற்றிவிடலாம். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். எண்ணெயை அடுத்த மாதம் 3 லிட்டர், அதற்கடுத்த மாதம் இரண்டரை என்று இறக்கலாம். அப்போதே ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குள் வந்துவிடும்.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் எதிர்பார்க்கவும் கூடாது. நீரிழிவின் வாசலில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியான பெரிய ஆய்வில், உணவையும் நடையையும் சேர்த்து மாற்றியவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் 31 சதவீதம். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற உடற்பயிற்சியும். உங்கள் எடைக்கு 7 சதவீதம் என்பது ஏறத்தாழ 6 கிலோ; ஓராண்டில் குறைத்தாலும் நல்லது. கடிதத்தில் நடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும் நேரத்தில் தொடங்குங்கள்.

அடுத்த எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பார்ப்பது வீண். மருத்துவரைச் சந்திக்கும்போது சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்று உப்பைப் பற்றிய கேள்விக்கு அவர் அவற்றை வைத்தே பதில் சொல்ல முடியும். எனக்கு மறுபடி எழுதுவதாக இருந்தால் மாத்திரையின் பெயரையும், மூன்று மாத மளிகைப் பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள்.